‘வரைபடத்திலேயே இருக்கிறது’ என்று பகிரும் முன்

கைப்பேசி வரைபடத்தில் ஓர் எல்லைக்கோடு இடம் மாறியிருக்கிறது. ஓர் ஊரின் பெயரைக் காணவில்லை. தேடுபொறியில் ஒரு கட்சிக்குச் சாதகமான செய்தி மட்டுமே மேலே வருகிறது. இப்படி ஏதாவது ஒரு ஸ்கிரீன்ஷாட் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் எங்கள் பட்டர்வொர்த் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும். கீழே கோபமாக நாலு வரி, ‘எல்லாருக்கும் அனுப்புங்கள்’ என்று ஒரு முடிவு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் அனுப்பிக்கொண்டே இருந்தால், உண்மையான புகாரோடு ஒருவர் வரும் நாளில் அவர் பேச்சும் எடுபடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சோதிக்க அரை மணி நேரம் போதும்.

நான் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி வருவதற்கு முன், ஒளி புகும் தாளில் மைப்பேனாவால் எல்லை வரைந்த தலைமுறை. மாநில எல்லைக்கு ஒரு கோடு, மாவட்ட எல்லைக்கு வேறு கோடு, இன்னும் முடிவாகாத எல்லைக்கு மற்றொரு கோடு. கோட்டில் விடும் இடைவெளிக்குக்கூடப் பொருள் உண்டு. வரைந்த தாளின் மேல் மேற்பார்வையாளர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்; இடைவெளி பிசகியிருந்தால் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். அந்தப் பழக்கத்தோடுதான் கைப்பேசி வரைபடத்தையும் பார்க்கிறேன்.

முதலில் கோட்டைப் பாருங்கள்

உங்களுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே இடத்தை நீங்களே திறந்து பெரிதாக்குங்கள். கூகுள் வரைபடத்தில் தகராறில்லாத நாட்டு எல்லை முழுக்கோடாக இருக்கும். தகராறுள்ள எல்லை விட்டுவிட்டு வரும் கோடாக இருக்கும். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு காஷ்மீரைப் பெரிதாக்கினால் அப்படி உடைந்த கோடுகளைக் காணலாம். இந்தியாவுக்குள்ளிருந்து அதே இடத்தைத் திறப்பவருக்குக் காஷ்மீர் முழுவதும் இந்தியாவோடு சேர்ந்து, முழுக்கோட்டுக்குள் தெரியும். இரண்டும் அதே நிறுவனத்தின் வரைபடம்தான்; பார்ப்பவர் இருக்கும் நாட்டைப் பொறுத்துப் படம் மாறுகிறது.

உக்ரைனிடமிருந்து 2014-இல் ரஷ்யா கைப்பற்றிய கிரிமியாவுக்கும் இதே கதி. 2019-இல் ஆப்பிள் நிறுவனம், ரஷ்யாவுக்குள் இருப்பவர்களுக்குக் கிரிமியாவை ரஷ்யப் பகுதியாகக் காட்டத் தொடங்கியது. மெக்சிகோ வளைகுடாவின் பெயரை மாற்றும்படி 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஆணையிட்டதும், கூகுள் வரைபடத்தில் அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ‘அமெரிக்க வளைகுடா’ வந்தது. மெக்சிகோவில் இருப்பவர்களுக்குப் பழைய பெயரே நின்றது. நம்மைப் போன்ற மற்ற நாட்டினருக்கு இரண்டு பெயர்களும் சேர்ந்து தெரிந்தன. கூகுள் மீது வழக்குத் தொடுத்திருப்பதாக அதே ஆண்டு மே மாதம் மெக்சிகோ அதிபர் கிளாடியா ஷெயின்பாம் அறிவித்தார்.

ஆகவே ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதை எடுத்தவர் எந்த நாட்டில் இருந்தார்? சென்னையிலோ கொழும்பிலோ லண்டனிலோ உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இங்கே அபூர்வம். அவர்களிடம் அந்த இடத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விபிஎன் போட்டு வேறு நாட்டுக்காரர் போலப் பார்க்கலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். பார்க்கலாம்தான். ஆனால் கைப்பேசியின் சிம் அட்டை, அதன் அமைப்பு என்று பலவற்றையும் வைத்து நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கணிக்க முடியும் என்பதால், அந்த நாட்டிலேயே இருக்கும் ஆளிடம் கேட்பதே மேல். கைப்பேசியின் மொழியை மட்டும் மாற்றினால் ஊர்ப்பெயர்களின் எழுத்துதான் மாறும். எல்லை நாட்டைப் பொறுத்தது.

இப்படிச் செய்து பார்த்தால் புகார்களில் பாதி இங்கேயே தெளிந்துவிடும். ‘நேற்று ராத்திரி மாற்றிவிட்டார்கள்’ என்று சொல்லப்பட்ட கோடு, வேறொரு நாட்டில் பல ஆண்டுகளாக அப்படியே இருக்கும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்

இந்தியாவில் அரசின் நில அளவைத் துறை வெளியிட்ட வரைபடத்துக்கு மாறாக நாட்டு எல்லையைக் காட்டுவது, 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டத்தின்கீழ் குற்றம். சிறைத் தண்டனைகூட உண்டு. காஷ்மீரைத் தவறாகக் காட்டியதற்காக 2015 ஏப்ரலில் அல் ஜசீரா தொலைக்காட்சியின் ஒளிபரப்பு இந்தியாவில் ஐந்து நாள் நிறுத்தப்பட்டது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனமோ 2022-இல், நாட்டு எல்லைகளை வரைபடத்தில் முன்னிறுத்துவதையே விட்டுவிடுவதாகவும் மலை, ஆறு போன்ற இயற்கை அம்சங்களுக்கே இனி முக்கியத்துவம் தருவதாகவும் அறிவித்தது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். இந்த நிறுவனங்கள் எந்தக் கொடியின் மீதும் பற்று வைத்து இதைச் செய்யவில்லை. தண்டிக்கும் பலம் உள்ள அரசுக்கு வளைந்து கொடுக்கின்றன. அதுவும் சாய்வுதான்; கட்சிச் சாய்வைவிட எனக்கு அதிகக் கவலை தரும் சாய்வு. காரணம், தனக்காக நிறுவனத்தை மிரட்ட ஓர் அரசு இல்லாத மக்களின் பெயர்கள் இந்தப் பேரத்தில் எந்த மேசைக்கும் வருவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கைப்பேசி வரைபடம் பட்டா ஆகாது

2010-இல் நிகராகுவா படையினர் எல்லை ஆற்றைத் தாண்டி, கோஸ்டாரிக்கா தனது என்று சொல்லிவந்த நிலத்தில் இறங்கினார்கள். அந்த நடவடிக்கைக்குப் பொறுப்பாக இருந்த ஈடன் பஸ்தோரா தன் தரப்புக்கு ஆதாரமாகக் கூகுள் வரைபடத்தைச் சுட்டிக்காட்டினார். அந்த இடத்தில் எல்லையைப் பிசகாக வரைந்திருந்ததைக் கூகுள் ஒப்புக்கொண்டது. கடைசியில் 2015-இல் அனைத்துலக நீதிமன்றம் அந்த நிலம் கோஸ்டாரிக்காவுடையது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தவை பழைய ஒப்பந்தமும் எல்லைத் தீர்ப்புகளும்தான்.

நம் கதைக்கு வருவோம். சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில் உள்ள பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்கு, அதன் அருகிலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகள் மலேசியாவுக்கு என்று 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் ஒரு விஷயம் என் தொழில் சார்ந்தது என்பதால் இன்றும் உறுத்துகிறது. 1962 முதல் 1975 வரை மலாயா, மலேசிய நில அளவைத் துறை வெளியிட்ட சில வரைபடங்களில் பத்து பூத்தே பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ‘சிங்கப்பூர்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. எல்லையை நிர்ணயிக்கும் ஆதாரமாக இந்த வரைபடத்தைக் கொள்ளக்கூடாது என்ற குறிப்பும் அவற்றில் இருந்தது. அப்படியிருந்தும், மலேசியா அந்தத் தீவைச் சிங்கப்பூருடையதாகவே கருதியது என்பதற்கு வலுச்சேர்க்கும் சான்றாக நீதிமன்றம் அந்த அடைப்புக்குறியை எடுத்துக்கொண்டது. ஆனால் அதைவிடப் பெரிய எடையோடு நின்றது, தீவின் உரிமையை ஜொகூர் கோரவில்லை என்று 1953-இல் ஜொகூர் மாநிலத் தற்காலிகச் செயலாளர் எழுதிய கடிதம்.

எனவே இரண்டாவது வேலை, வரைபடத்துக்குப் பின்னால் இருக்கும் ஆவணத்தைத் தேடுவது. ஒப்பந்தமா, தீர்ப்பா, அரசமைப்புச் சட்டமா, அரசிதழ் அறிவிப்பா? அதன் ஆண்டு என்ன, கையொப்பமிட்டவர் யார்? இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு அதிகாரபூர்வ வரைபடத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். 1979-இல் மலேசியா வெளியிட்ட கடல் எல்லை வரைபடத்தை அண்டை நாடுகள் பல ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் சீனா வெளியிட்ட வரைபடத்தை மலேசியா ஏற்கவில்லை. அரசு வெளியிட்டது என்பதனாலேயே ஒரு கோடு முடிந்த வழக்காகிவிடாது. அது அந்த அரசின் கோரிக்கை.

பினாங்குக்காரர்களுக்கு மிக நெருக்கமான பயிற்சி ஒன்று இருக்கிறது. பினாங்கு கெடாவுக்குச் சொந்தம் என்று கெடா மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) முகமது சனுசி அவ்வப்போது பேசுவதும், உடனே பழைய வரைபடப் படங்கள் குழுக்களில் சுற்றுவதும் உங்களுக்குத் தெரியும். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கியது, 1791 ஒப்பந்தம், செபராங் பிறைப் பகுதியைச் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் என்று முடிவான 1800 ஒப்பந்தம், கடைசியாக, மாநிலங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு. இந்த நான்கையும் ஒருமுறை படித்தவர், எந்தப் பக்கம் பேசினாலும் விஷயத்தோடு பேசுவார்.

தேடுபொறியில் சாய்வு எங்கே ஒளிந்திருக்கும்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். வரைபடத்தில் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. தேடலில் எது மேலே வந்தது, எது வரவே இல்லை என்பதுதான் கேள்வி.

கெலுகோர் பக்கம் இருந்த கம்போங் புவா பாலாவை எடுத்துக்கொள்வோம். மாடு வளர்த்துக்கொண்டு தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கிராமம்; அடுக்குமாடித் திட்டத்துக்காக 2009-இல் இடிக்கப்பட்டது. நிலம் கைமாறியதற்கு யார் பொறுப்பு என்று, 2008 தேர்தலுக்கு முந்தைய பாரிசான் கூட்டணி மாநில அரசும் பிந்தைய பக்காத்தான் கூட்டணி அரசும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. இப்போது தேடல் பெட்டியில் கிராமத்தின் பெயரோடு ஒரு கட்சியின் பெயரையும் ‘துரோகம்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டுங்கள். அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள்தானே முன்னால் வரும்? பிறகு கட்சிப் பெயரை மட்டும் மாற்றித் தட்டுங்கள். வில்லன் மாறிவிடுவார். தேடுபொறியை யாரும் விலைக்கு வாங்கவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியிலேயே பதில் இருந்தது. மூன்றாவது முறையாக, குற்றச்சாட்டுச் சொல் எதுவும் இல்லாமல் கிராமப் பெயர், ‘நில விற்பனை’, ‘நீதிமன்றம்’ என்று மட்டும் தேடி, கருவிகள் பகுதியில் காலத்தை 2009-க்கு மட்டும் ஒடுக்குங்கள். அப்போதுதான் அந்தக் காலத்துச் செய்திகள் மேலே வரும்.

இதே தேடலைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் செய்யுங்கள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் இருக்கும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயிலை மசூதி கட்டுவதற்காக இடம் மாற்றும் விவகாரம் 2025 மார்ச்சில் கொதித்தபோது இதை நான் கண்கூடாகப் பார்த்தேன். தமிழ்ச் செய்திகளில் நூற்றாண்டு தாண்டிய கோயிலின் வரலாறு முன்னால் நின்றது. மலாயில் ‘சட்டவிரோதக் கோயில்’ என்று பொருள்படும் சொல்லோடு தேடினால் நில உரிமை முன்னால் நின்றது. கோலாலம்பூர் மாநகராட்சி அந்த நிலத்தை 2014-இல் ஜேக்கல் என்ற துணி வணிக நிறுவனத்துக்கு விற்றது, கோயில் சற்றுத் தள்ளி வேறிடத்துக்கு மாற ஒப்புக்கொண்டது ஆகிய இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள, இரண்டு மொழிகளிலும் படிக்க வேண்டியிருந்தது. ஒரே மொழியில் மட்டும் படித்த நண்பர்கள் இருவர், இரு வேறு சம்பவங்களைப் பற்றிப் பேசுபவர்களைப் போல வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

முடிவுப் பக்கத்தில் வேறு சிலவற்றையும் கவனியுங்கள். மேலே ‘விளம்பரம்’ என்ற பொருளில் சிறிய எழுத்துகள் இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். யார் கொடுத்தார்கள் என்பதைக் கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மைப் பக்கத்தில் தேடலாம். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் தளம் எப்படிப்பட்டது என்று சிறு குறிப்பு வரும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடினால் உங்கள் பழைய தேடல்கள் கலக்காது. ஆனால் நீங்கள் இருக்கும் ஊர் அப்போதும் தெரியும், இதை மறக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் சுருக்கத்தை நான் முதலில் படிப்பதே இல்லை. கீழே உள்ள பக்கங்களைப் படித்துவிட்டுத் திரும்பி வந்து அதைப் படியுங்கள். எதை விட்டுவிட்டது என்பது அப்போதுதான் புலப்படும்.

வரிசையே மனத்தை மாற்றுமா என்று கேட்பவர்களுக்கு: ராபர்ட் எப்ஸ்டீனும் ரொனால்ட் ராபர்ட்சனும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 2014 இந்தியப் பொதுத்தேர்தலின்போது முடிவெடுக்காத வாக்காளர்களையும் சேர்த்துச் சோதித்தார்கள். முடிவுகளின் வரிசையைச் சாய்த்து வைத்தால் வாக்காளரின் விருப்பமும் சாய்வதைக் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது தாங்களே அமைத்த போலித் தேடுபொறி. எந்த நிறுவனமும் அப்படிச் செய்தது என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது. செய்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் சான்று. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அதைப் பகிர்வதும் தவறு.

ஒரு பக்கம் வரவே இல்லையென்றால்

உடனே ‘கூகுள் மறைத்துவிட்டது’ என்று எழுதாதீர்கள். தேடலில் தெரிந்தும் திறக்க மறுத்தால், பெரும்பாலும் இணையச் சேவை நிறுவனம் அரசின் உத்தரவுப்படி அடைத்திருக்கும். நாட்டின் சட்டத்தை மீறுவதால் காட்ட முடியாது என்று மலாயில் ஓர் அறிவிப்பு வரும். 2015-இல் சரவாக் ரிப்போர்ட் தளம் அப்படித்தான் அடைக்கப்பட்டு, 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பின் திறக்கப்பட்டது. தேடலிலேயே இல்லாமல், பக்கத்தின் அடியில் சட்டக் கோரிக்கையால் நீக்கப்பட்டதாக ஒரு வரி இருந்தால், அது தேடுபொறிக்கு வந்த கோரிக்கை. எந்த அரசு எத்தனை கோரிக்கை அனுப்பியது என்பதைக் கூகுள் தன் வெளிப்படைத்தன்மை அறிக்கையில் நாடுவாரியாக வெளியிடுகிறது. இரண்டும் இல்லையென்றால், எழுதியவரே எடுத்திருக்கலாம். இணையக் காப்பகத்தில் முகவரியைப் போட்டுப் பழைய நகல் இருக்கிறதா என்று பாருங்கள்.

யார் கதவை அடைத்தார் என்று தெரிந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரியும். தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் வெளி டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கோரிக்கைகளைத் தங்கள் சேவைக்கே திருப்பிவிடும்படி 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பொதுமக்கள் சரியான இடத்தில், விஷயம் புரிந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சில நாட்களுக்குள் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னார்.

நாமே சரிசெய்ய வேண்டியவை

பழைய தோட்டங்களின் பெயர்கள், தோட்டத்துக் கோயில்கள், இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள். வரைபடத்தில் இவை இல்லாததற்குச் சதி காரணம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல இடங்களில், யாரும் பதியவில்லை என்பதே காரணம். அதற்காக அந்த இழப்பு சிறியது என்று ஆகிவிடாது. பெயர் இல்லாத இடத்தைப் பிறகு காலி நிலம் என்று சொல்வது எளிது. நில அளவையில் இருந்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பெயருக்கான பெட்டி இருக்கும். அதன் அருகே வேறு மொழிப் பெயர் சேர்க்கும் வசதியில் தமிழைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். முதன்மைப் பெயர்ப் பெட்டியில், அங்கே பலகையில் என்ன இருக்கிறதோ அதையே விட்டுவிடுங்கள். களத்தில் உள்ளதைப் பதிவது அந்தத் திட்டத்தின் விதி. அதை மீறி உங்கள் விருப்பப் பெயரைப் போட்டால் வேறொருவர் நீக்கிவிடுவார், நீக்குவதும் நியாயம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாறு அங்கே எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. மற்ற வரைபடச் சேவைகளில் இந்த வசதி இல்லாததுதான் எனக்குள்ள பெரிய குறை.

அந்தக் குறையின் விலையை எங்கள் பக்கத்திலேயே கண்டோம். ரப்பர் தோட்டக் காலத்திலிருந்து இருக்கும் ஒரு முனியாண்டி கோயிலை, ஒரு வரைபடச் சேவை ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று காட்டியது. அந்த வாரமும் அங்கே பூசை நடந்திருந்தது. நிலத்தில் யாருக்கோ கண் இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தாக்குவோம் என்று இளைஞர்கள் புறப்பட்டார்கள். ஒரே நாளில் நூறு பேர் எழுதினால் அதை மோசடியாக எடுத்துக்கொண்டு மொத்தமாக நீக்கிவிடுவார்கள் என்று சொல்லி, வேறு வழியில் போனோம். கோயில் முகப்பையும் பெயர்ப்பலகையையும் ஒரே படத்தில் எடுத்தோம். தேதியுள்ள திருவிழா அறிவிப்புப் பலகையைத் தனியாக எடுத்தோம். சாலையிலிருந்து கோயில் தெரியும்படி இன்னொரு படம். தவறான திரையையும் தேதி, நேரத்தோடு பிடித்து வைத்தோம். பல ஆண்டுகளாக அங்கே பூசைக்கு வரும் மூன்று பேர், தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து, ‘மூடப்படவில்லை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலையில் திறந்திருக்கும்’ என்று மட்டும் எழுதித் திருத்தம் அனுப்பினார்கள். யாரையும் குற்றம் சாட்டவில்லை. முதல் முறை நிராகரித்தார்கள். இரண்டாம் முறை ஏற்றார்கள். முதலில் மாற்றியது யார் என்பதை அந்தச் சேவை கடைசிவரை சொல்லவில்லை.

உங்கள் புகாரையும் அதே வரிசையில் வையுங்கள்: நான் இருக்கும் ஊர், பார்த்த தேதி, பயன்படுத்திய கருவி, திரையில் இருந்தது, இருக்க வேண்டியது, அதற்கான ஆவணம். உள்நோக்கத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அது உங்களால் நிரூபிக்க முடியாதது, படிப்பவர் புகாரை ஒதுக்க அந்த ஒரு வரி போதும். தேர்தல் தொகுதி பற்றிய குழப்பமாக இருந்தால் வரைபடச் சேவையோடு மல்லுக்கட்ட வேண்டாம், தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2018-இல் எல்லைகள் மாறியதற்கு முந்தைய படங்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன.

திருத்தம் ஏற்கப்பட்டதும் கோப்பை அழித்துவிடாதீர்கள். வேறொருவர் அனுப்பும் திருத்தத்தாலோ புதிய தரவாலோ பழைய பிழை திரும்பி வரக்கூடும். மாதம் ஒருமுறை அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். திரும்பியிருந்தால், முதல்முறை வந்த ஏற்பு மின்னஞ்சலை இணைத்து, அதே படங்களோடு புதிய தேதியில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.